அண்ணியின் இடது பக்கம்

மீன்பிடித் தடைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மண்டபத்தூரில் அண்ணன் வீட்டுக் கூடத்தில் நாங்கள் மூன்றே பேர்: அண்ணன், அண்ணி, நான். அவர்கள் மகள் நித்யா டியூஷனுக்குப் போயிருந்தாள். சாப்பிட்ட கையில் கருவாட்டுக் குழம்பின் வாசனை சோப்புப் போட்டும் போகவில்லை. லேப்டாப்பை ஸ்டூல் மேல் வைத்து, நான் வரைந்த முப்பது விநாடிப் படத்தை ஓடவிட்டேன்.

படத்தில் நாற்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி. பெயர் கமலா, பால்வாடி டீச்சர். அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்குகிறாள். வரிசையாக வைத்த டம்ளர்களில் கஞ்சி ஊற்றுகிறாள். இடது பக்கம் நிற்கும் பிள்ளையின் பக்கம் தலையைத் திருப்பி, ஒரு டம்ளரை நீட்டுகிறாள். அவ்வளவுதான் கதை. பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை.

அண்ணனுக்குத் தாங்கவில்லை. "ஒங்க அண்ணிய அப்படியே உரிச்சு வச்சிருக்கியே பாப்பா" என்று தொடையைத் தட்டிக்கொண்டு மறுபடி போடச் சொன்னார். எனக்கு முப்பத்தேழு வயதாகிறது. அந்த வீட்டில் இன்னும் பாப்பாதான்.

இரண்டாவது தடவை முடிந்ததும் அண்ணி மெதுவாகக் கேட்டார்.

"ஏம் பாப்பா, அந்தம்மாவுக்கு எடது பக்கம் கண்ணு தெரியாதா?"

நான் சிரித்துவிட்டேன். அதெல்லாம் இல்லை அண்ணி, அது அந்தம்மாவின் ஸ்டைல் என்றேன். அண்ணி சிரிக்கவில்லை.

அந்த ஸ்டைலை நான் எடுத்ததே அண்ணியிடமிருந்துதான். அண்ணிக்கு இடது கண்ணில் பார்வை போய்க்கொண்டிருந்தது. அது எனக்குத் தெரியாது. தெரியாமல் அதையே வரைந்து, நாலு மாதமாகப் பாராட்டு வாங்கிக்கொண்டிருந்தேன். இந்தப் பத்தியில் இந்த வாரம் சொல்ல வந்தது அந்தக் கண்ணைப் பற்றி. மிச்சமிருந்த இன்னொரு கண்ணும் கைநழுவப் பார்த்ததைப் பற்றியும்தான்.

நண்டு பேசட்டுமே

சென்னையில் ஒரு சின்ன அனிமேஷன் ஸ்டூடியோவில் எனக்கு வேலை. ஊரடங்குக்குப் பிறகு மாதத்தில் பாதி நாள் காரைக்காலில் என் வாடகை வீட்டிலிருந்தே வரைகிறேன். கல்யாணம் ஏன் பண்ணிக்கொள்ளவில்லை என்பதை முன்பே ஒரு வாரம் எழுதிவிட்டேன். அதற்கு வந்த கடிதங்களே எனக்கு ஆயுசுக்கும் போதும்.

எட்டு நிமிடப் படம் ஒன்று என் பொறுப்பில் வந்தது. பால்வாடி டீச்சர் ஒருத்தியின் ஒரு காலைப் பொழுது. கதையைக் கேட்ட எங்கள் முதலாளி கொட்டாவியை அடக்கிக்கொண்டார். நல்ல மனிதர்தான், ஆனால் வாய்க்கு வாசற்கதவு கிடையாது.

"இந்த ஆன்ட்டிய எட்டு நிமிஷம் யார் மேடம் பார்ப்பாங்க? கடலோரக் கதைதானே, கூட ஒரு நண்டு வைங்க. நண்டு பேசட்டுமே."

நான் முறைத்த முறைப்பில் கொஞ்சம் இறங்கி வந்தார். முப்பது விநாடி மட்டும் செய்து காட்டுங்கள், பிடித்தால் ஆன்ட்டி, பிடிக்காவிட்டால் நண்டு என்று முடித்துவிட்டார். நண்டோடு போட்டி போடும் நிலைமைக்கு வந்துவிட்டோமே என்று பஸ் ஏறினேன்.

ஒரு கோடு, பதினைந்து வயது

பேசும் நண்டை வரைவது சுலபம். கண்ணை ரெண்டு மடங்கு பெரிதாக்கலாம். பயந்தால் ஓட்டை விட்டு வெளியே குதிக்க வைக்கலாம். நண்டு இப்படியா பண்ணும் என்று யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். நாற்பத்தைந்து வயதுப் பெண்ணிடம் இந்த வேலையெல்லாம் செல்லாது. பார்க்கிற எல்லார் வீட்டிலும் அந்த வயதில் ஒருத்தி இருக்கிறாள். முந்தானையைச் செருகுவதில் துளி பொய் இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

முதல் தலைவலி முகம். மூக்கோரத்திலிருந்து வாய் வரை ஒரு கோடு இழுத்தால் அறுபது வயதுக் கிழவி. கோட்டை அழித்தால் காலேஜ் பெண். நடுவில் நிற்கவே மாட்டேன் என்கிறாள். பத்து நாள் அழித்து அழித்து வரைந்துவிட்டு, போடி என்று கோட்டையே விட்டுவிட்டேன். வயதை அசைவில் காட்டிக்கொள்ளலாம் என்று தோன்றியது.

சின்னப் பிள்ளை எழுந்தால் உடம்பு மொத்தமும் ஒன்றாக எழும். நாற்பத்தைந்து வயதுக்காரி எழுமுன் கையை எங்கே ஊன்றலாம் என்று பார்த்துக்கொள்வாள். எழுகிற வழியில் கீழே கிடக்கும் காலி டம்ளரையும் எடுத்துக்கொள்வாள். ஒரு வேலைக்காக ஒரு தடவை எழுந்திருப்பது அவளுக்குக் கட்டுப்படியாகாது. போன் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இருக்கும், கை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கும், கால் தரையில் கிடக்கும் துடைப்பத்தை ஓரமாகத் தள்ளும். இதையெல்லாம் வரைந்தால் ஆள் உயிரோடு வந்து உட்கார்ந்துவிடுவாள்.

கோபமும் பயமும் இன்னும் கஷ்டம். பெரியவர்கள் அதையெல்லாம் மூடி வைத்துக்கொள்வார்கள். என் அண்ணிக்குக் கோபம் வந்தால் துணி மடிப்பார். எவ்வளவு நேர்த்தியான மடிப்போ அவ்வளவு கோபம். அலமாரியைத் திறந்து பார்த்தே வீட்டு நிலவரத்தை அண்ணன் சொல்லிவிடுவார். அப்படி ஒருத்தி துணி மடிப்பதைத் திரையில் காட்டினால், இவளுக்கு என்ன ஆச்சு, எதை மறைக்கிறாள் என்று பார்க்கிறவர்கள் தேட ஆரம்பிப்பார்கள். தேட வைத்துவிட்டால் நண்டே தேவையில்லை. ஸ்டூடியோவில் புதிதாக வந்தவர்களுக்கு இதை நான் வகுப்பாகவே எடுத்திருக்கிறேன்.

அண்ணி எதை மறைக்கிறார் என்று மட்டும் நான் தேடவில்லை.

ஒன்றுக்கு ஒன்றரை

வரைவதற்கு முன்னால் ஒருவரை வீடியோ எடுத்து, ஒரு விநாடியை இருபத்து நாலு துண்டாக்கி, துண்டு துண்டாகப் பார்ப்பது எங்கள் வழக்கம். அண்ணியே பால்வாடி டீச்சர்தான், பதினெட்டு வருடமாக. வேறு எங்கே போய் ஆள் தேடுவது? அண்ணியிடம் கேட்டுக்கொண்டு, மூன்று காலை அவர் பால்வாடியில் ஓரமாக உட்கார்ந்து எடுத்தேன். பிள்ளைகள் முதல் நாள் என்னைப் பார்த்து அழுதன, இரண்டாம் நாள் மடியில் ஏறிக்கொண்டன.

துண்டு துண்டாகப் பார்த்தபோது இரண்டு விஷயம் கண்ணில் பட்டது. கஞ்சி ஊற்றும்போது அண்ணி ஆள்காட்டி விரலை டம்ளரின் விளிம்புக்குள் கொக்கி மாதிரி மாட்டிக்கொள்கிறார். விரலில் சூடு தட்டியதும் நிறுத்துகிறார். இன்னொன்று, இடது பக்கம் எதையாவது கொடுக்கும்போது. சாதாரணமாக யாருக்கும் கண் முன்னால் போகும், தலை கொஞ்சம் திரும்பும், கையும் கூடவே போகும். அண்ணிக்குத் தலை முழுசாகத் திரும்புகிறது, முகவாய் தோளைத் தொடுகிற அளவுக்கு. அங்கே ஒரு நொடி நிற்கிறது. அப்புறம்தான் கை நகர்கிறது.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஒவ்வொரு பிள்ளையையும் முகம் பார்த்துத்தான் கொடுக்கிறார், என்ன மாதிரி மனுஷி என்று நினைத்துக்கொண்டேன்.

உள்ளதை உள்ளபடி வரைந்தால் திரையில் சவசவ என்று இருக்கும், ஒன்றை ஒன்றரையாகக் கூட்ட வேண்டும் என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். கூட்டினேன். கமலா டீச்சரின் தலை அண்ணியின் தலையைவிட இன்னும் கொஞ்சம் திரும்பியது, இன்னும் கொஞ்சம் நின்றது.

முதலாளி மூன்று தடவை போட்டுப் பார்த்தார். அந்தத் தலை திருப்பலிலேயே அந்தம்மா யாரென்று தெரிந்துவிட்டது, நண்டு வேண்டாம் என்றார். அன்றைக்கு ஸ்டூடியோவில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

படம் வரையத்தான போறா

அந்த வீடியோவில் இருப்பவர் எனக்கு யார் என்பதைச் சொல்லிவிட்டு அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்புகிறேன். அம்மா இல்லாத வீடு எங்களுடையது. அண்ணி வந்தபோது எனக்குப் பதினாலு வயது. வந்த மூன்றாம் நாள், என் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் நான் வரைந்திருந்த அண்ணனைப் பார்த்துவிட்டார். லாஞ்சில் நின்றுகொண்டு வலையோடு சண்டை போடும் அண்ணன். காட்டிக் கொடுப்பார் என்று நடுங்கினேன். மூக்கு இன்னும் கொஞ்சம் பெரிசு என்றார்.

பிளஸ் டூ முடித்ததும் அனிமேஷன் படிக்கச் சென்னைக்குப் போகிறேன் என்றேன். அண்ணன் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். பொம்பளைப் பிள்ளை, தனியாக, அதுவும் கார்ட்டூன் படிக்கவா என்று தெரு முழுக்கக் கேட்டது. அண்ணி குழம்பைக் கிண்டிக்கொண்டே ஒரு வார்த்தைதான் சொன்னார்.

"படம் வரையத்தான போறா, யாரோடயும் ஓடிப் போகவா போறா? போயிட்டு வரட்டும் விடுங்க."

ஓடிப் போவதாக இருந்திருந்தாலும் நீங்கதான் பெட்டி கட்டிக் கொடுத்திருப்பீங்க என்று இன்றைக்கும் கேலி செய்வேன். முதல் வருடம் ஹாஸ்டலுக்கு வாரம் தவறாமல் போன் பண்ணுவார். சாப்பிட்டியா என்று கேட்க மற்றவர்கள் இருந்தார்கள். அண்ணி மட்டும், வரைஞ்சியா என்று கேட்பார். இல்லை என்று சொல்ல வெட்கப்பட்டே நிறைய வரைந்திருக்கிறேன். நான் இன்று சாப்பிடும் சோறு அண்ணி போட்டது. இதை அவர் முகத்துக்கு நேரே சொன்னால் போடி வேலையைப் பார் என்பார், அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

அடுப்படியில்

அன்று மத்தியானம் அண்ணி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். அண்ணன் நாலாவது தடவையாகப் படம் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு என்னமோ உறுத்தியது. பின்னாலேயே போனேன்.

"எப்பத் தெரிஞ்சுது ஒனக்கு?" என்றார் அண்ணி.

"எது அண்ணி?"

வாயை விட்டுவிட்டோமே என்பது அவர் முகத்தில் ஓடியது. பிறகு உள்ளங்கையால் வலது கண்ணைப் பொத்திக்கொண்டார்.

"இப்ப நீ நிக்கிறது எனக்குத் தெரியல. ஜன்னல் வெளிச்சம் மட்டும் வருது. ஒன் சத்தம் வர்ற பக்கமாத்தான் பாத்துகிட்டு இருக்கேன்."

அவர் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு ஒரு சாண் தள்ளி, அஞ்சறைப்பெட்டி இருந்த அலமாரியை.

மூன்று வருடத்துக்கு மேல் இருக்குமாம். வலி கிடையாது, சிவப்புக் கிடையாது, ஓரத்திலிருந்து மங்கிக்கொண்டே வந்திருக்கிறது. பூவத்தில் இருந்த அவருடைய அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்து, ஐம்பது வயதில் இரண்டு கண்ணும் போய், சாகும் வரை கட்டிலிலேயே இருந்தாராம். இது எங்கள் வழியில் வருவது, டாக்டர் என்ன சொல்வார் என்று எனக்கே தெரியும், அதை ஏன் அவர் வாயால் கேட்பானேன் என்றார். சொன்னால் அண்ணன் நிம்மதியாகக் கடலுக்குப் போக மாட்டார். பால்வாடியில் தெரிந்தால் பிள்ளைகளை நம்பி விடுவார்களா? நித்யாவுக்குப் பரீட்சை வேறு.

"ஒரு கண்ணு இருக்குல்ல பாப்பா, அது போதும். ஒங்கண்ணன்ட்ட மட்டும் சொல்லிடாத."

எனக்கு முதலில் அண்ணி மேல்தான் கோபம் வந்தது, பிறகு என் மேல். விரலை டம்ளருக்குள் விட்டது, டம்ளர் நிறைந்ததைச் சூட்டில் தெரிந்துகொள்ள. தலை திரும்பியது தேட. அவர் தட்டுத் தடுமாறியதை நான் ஒன்றரை மடங்காக்கிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். துண்டு துண்டாகப் பார்க்கிறவளாம் நான். என்னத்தைப் பார்த்தேன்?

அண்ணனிடம் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் பண்ணவில்லை. மூன்று நாள் டயம் மட்டும் கேட்டேன்.

மூன்று வீடியோ

காரைக்காலுக்குத் திரும்பியதும் பழைய வீடியோக்களைத் தோண்டினேன். நித்யாவின் மஞ்சள் நீராட்டு, நாலு வருடம் இருக்கும். அப்புறம் இரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு பொங்கல். கடைசியாக நான் எடுத்த பால்வாடி. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கமலா டீச்சருக்கு வரைந்த மாதிரியே, தலை எவ்வளவு திரும்புகிறது என்று அளக்க, அண்ணியின் முகவாய்க்கு நேராகக் கோடு போட்டுப் பார்த்தேன்.

மஞ்சள் நீராட்டில் யாரோ இடது பக்கத்திலிருந்து தாம்பாளத்தை நீட்டுகிறார்கள். அண்ணி பேசிக்கொண்டே, பார்க்காமலே வாங்கிக்கொள்கிறார். பொங்கலில் தலை பாதி திரும்புகிறது. பால்வாடியில் தோள் வரை.

வலது பக்கத்தையும் பார்த்து வைப்போம் என்று பார்த்தேன். முதல் இரண்டு வீடியோவிலும் ஒன்றுமில்லை. பால்வாடி வீடியோவில், வலது பக்கம் கொடுக்கும்போதும் முகவாய் கொஞ்சம் நகர்ந்தது. விரற்கடை அளவுதான். என் பயமாகவும் இருக்கலாம் என்று ஏழெட்டுத் தடவை கோட்டை அழித்துவிட்டுப் போட்டேன். ஒவ்வொரு தடவையும் நகர்ந்தது.

புதன்கிழமை பிள்ளைகள் போன பிறகு பால்வாடிக்குப் போனேன். அண்ணிக்கு வலது பக்கமாக உட்கார்ந்து, மூன்றையும் போனில் காட்டினேன்.

"இது நின்ன எடத்துல நிக்கல அண்ணி, நடந்துகிட்டே இருக்கு" என்றேன். "வலது பக்கமும் ஆரம்பிச்சிருச்சு. அந்த ஒரு கண்ணும் இருக்காது."

அண்ணி போனை வாங்கி, தானே இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தார். பிறகு எழுந்து பிள்ளைகள் படுத்திருந்த பாய்களை மடித்தார். நாலு மூலையும் சேர்த்து, நீவி நீவி, பதினோரு பாயையும் மடித்தார்.

"நாளைக்கு லீவு சொல்லணும்" என்றார் கடைசியில்.

சாயங்காலம் அவரே அண்ணனிடம் சொன்னார். அண்ணன் துறைமுகத்தில் லாஞ்சுக்குப் பெயிண்ட் அடித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார், கையெல்லாம் நீலம். ஏன் சொல்லவில்லை என்று கத்துவார் என்று பயந்தேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "டம்ளருக்குள்ள வெரல விட்டு ஊத்துறியேன்னு தெனமும் திட்டுனேனே" என்றார்.

பாண்டிச்சேரி பஸ்

காரைக்கால் கண் டாக்டர் பார்த்துவிட்டுப் பாண்டிச்சேரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே நெற்றியை ஒரு பட்டையில் முட்டவைத்து, முகவாயைத் தாங்கியில் ஊன்றி, ரொம்ப நேரம் பார்த்தார்கள். கண்ணுக்குள் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும் வியாதி. இடது கண்ணில் போனது போனதுதான், திரும்ப வராது. வலது கண்ணில் இப்போதுதான் ஆரம்பம். காலையும் மாலையும் சொட்டு மருந்து, ஆயுசுக்கும் விடக்கூடாது, சொன்ன நாளில் வந்து காட்ட வேண்டும். அப்படி இருந்தால் இருக்கிற பார்வையைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார் டாக்டர். நித்யாவையும் ஒரு தடவை காட்டச் சொன்னார். காட்டினோம், அவளுக்கு ஒன்றுமில்லை.

வலியே இல்லாத வியாதியாயிற்றே, வலது கண்ணையும் சேர்த்து யார் கவனித்தது என்று டாக்டர் ஆச்சரியமாகக் கேட்டார்.

"எங்க நாத்தனாருதாங்க. கார்ட்டூன் போடுறவ. அதுல கண்டுபுடிச்சிட்டா."

நான் கண்டுபிடிக்கவில்லை, தப்பாகத்தான் புரிந்துகொண்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அண்ணி என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினார். அந்த டாக்டருக்கும், அந்தக் கிள்ளுக்கும், ஏன், கொட்டாவியோடு ஆன்ட்டியைப் பார்த்த எங்கள் முதலாளிக்கும்கூட நான் நன்றிக்கடன் பட்டவள். அவர் நண்டு வேண்டும் என்று அடம்பிடிக்காமலிருந்திருந்தால் நான் அந்த முப்பது விநாடியை அவ்வளவு உழைத்துச் செய்திருக்க மாட்டேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் சிதம்பரம் தாண்டியதும் அண்ணி அழுதார். இருபத்து மூன்று வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. முந்தானையில் முகத்தைக்கூட மறைத்துக்கொள்ளவில்லை.

"எங்கம்மாவையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே பாப்பா. சொட்டு மருந்துதானே."

அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், சீர்காழி வரை.

கமலா டீச்சர்

படம் பாக்கி இருந்தது. தலை திருப்பலை எடுத்துவிடுகிறேன் என்று ஸ்டூடியோவில் சொன்னேன். அதுதானே மேடம் அந்தம்மாவே என்று முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். நண்டே வைத்துக்கொள்ளுங்கள், அண்ணி சம்பந்தப்பட்டதை இனி நான் வேடிக்கை காட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன்.

அண்ணிக்கு மருந்து விடுவது, நான் ஊரில் இருக்கும் நாட்களில் என் வேலை. ஒரு சாயங்காலம் இரண்டு கண்ணிலும் ஒவ்வொரு சொட்டு விட்டேன். அண்ணி கண்ணை மூடிப் படுத்திருந்தார். அப்போது விஷயத்தைச் சொன்னேன். அந்த அசைவை எடுத்துவிடப் போகிறேன், இல்லாவிட்டால் படமே வேண்டாம் என்றேன்.

கண்ணைத் திறக்கக் கூடாது என்பதால் மூடியபடியே பேசினார்.

"எடுக்காத. நான் டாக்டர்ட்ட போயாச்சு. அவ இன்னும் போகல, ஒண்ணும் தெரியாத மாதிரி கஞ்சி ஊத்திகிட்டே இருக்கா. அவளையும் கூட்டிட்டுப் போ பாப்பா."

மறுநாள் காலையில் வரைய உட்கார்ந்து, கமலா டீச்சரைக் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். எட்டு நிமிடப் படம் ஒன்பது நிமிடம் ஆகிவிட்டது.